அனுப்பாத சுற்றறிக்கை

திங்கட்கிழமை அனுப்பியது வேறு.
அதில் இணையவழிக் கற்றல், புத்தாக்கம்,
எதிர்பார்க்கப்படும் விளைபயன் எல்லாம்
தடித்த எழுத்தில் இருந்தன.
மூன்று பேர் திருத்தினார்கள்.
மிஞ்சியதில் "வணக்கம்" மட்டும்தான் என்னுடையது.

இது இன்னொன்று.
குளிர்சாதனம் நின்றுபோன ஆறரை மணிக்கு
ஒன்பதாம் மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.
பக்கத்தில் ஆறிப்போன தே-ஓ.

ஆசிரியர்களே,
உங்கள் வகுப்பறைக்கு ஒரு திட்டம் சொல்லுங்கள்.
இணையம் வேண்டும், விதி அது ஒன்றுதான்.
பணம் ஆறு பள்ளிகளுக்கு உண்டு.
போன வருடம் கேட்டவர்கள் நாற்பத்தொரு பேர்.
அதில் இருபத்தாறு, பொங்கல் பற்றிய படவில்லைகள்.
பானை பொங்கும், நிற்கும், சொடுக்கினால் மறுபடி பொங்கும்.
இந்த ஆண்டு தயவுசெய்து பானை வேண்டாம்.

துணைமுதல்வருக்குப் பிடித்ததை எழுதாதீர்கள்.
எங்களுக்குப் பிடித்தது எதுவென்று ஊகிக்கவும் வேண்டாம்,
எங்களுக்கே தெரியாது.
உங்கள் பிள்ளைகள் எதையாவது
உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால்
அதை அவர்கள் சொன்னபடியே எழுதி அனுப்புங்கள்.

செம்பவாங்கிலிருந்து அப்படி ஒன்று வந்தது.
தொடக்கநிலை நான்கு, பதினோரு பிள்ளைகள்,
ஆசிரியர் பெயர் நூர்நிஷா.
கேட்டது இவ்வளவுதான்:
இடைவேளை மணி அடித்ததும்
ஒருவர் வானத்தைப் பார்த்துத் தமிழில் ஒரு வரி எழுதுவார்.
அதே நிமிடம் ஜூரோங்கில் ஒருவர்,
தெம்பனிசில் ஒருவர், புக்கிட் மேராவில் ஒருவர்.
நான்கு வரியும் நான்கு வகுப்புத் திரையிலும் விழும்.
ஆண்டு முழுக்க.

இந்தத் தீவில் இருப்பவருக்குப் புரியும்.
கிழக்கே ஏறி மேற்கே இறங்க ஒன்றரை மணி நேர ரயில்,
அதற்குள் மூன்று வானிலை.
துவாஸில் இடி இடிக்கும்போது
பிடோக்கில் பன்னிரண்டாம் மாடி மூங்கில் கழியில்
யாருடைய பள்ளிச்சட்டையோ மொடமொடவென்று காயும்.

மாதிரிக்கு நான்கு வரி இணைத்திருந்தார்கள்.
"மழை இல்ல. ஆனா காத்துல மழை வாசம் அடிக்குது."
"இங்க பெய்யுது. திடல் முழுக்கத் தண்ணி. காற்பந்து கேன்சல்."
"மேகம் ஒண்ணு எங்க புளோக்குக்கு மேல மட்டும் நிக்குது."
"தெரியல. கண்ணாடி அழுக்கு."
கடைசி வரி எழுதியவன் பெயர் தர்வின்.

பதினான்காம் கேள்வி:
இணைப்புத் துண்டிக்கப்பட்டால் மாற்று ஏற்பாடு என்ன?
பிள்ளைக் கையெழுத்தில் பதில்:
"ஜூரோங்குக்குப் போன் பண்ணுவோம்.
அவங்க எடுக்கலன்னா
இங்க மழையான்னு மட்டும் பாத்துக்குவோம்."

குழுவில் எல்லாரும் சிரித்தோம். நானும்.
பிறகு மதிப்பெண் போட்டோம்.
விளைபயன்: அளவிட இயலாது.
"வருந்துகிறோம்" என்ற கடிதத்தின் அடியில்
இருப்பது என் கையெழுத்து.

பணம் பெற்ற ஆறும் நன்றாகவே நடந்தன.
ஒன்றுக்குக் கேடயம்கூடக் கிடைத்தது.
எது என்று கேட்காதீர்கள்,
கோப்பைத் திறந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் எனக்கு ஒரு கோளாறு ஒட்டிக்கொண்டது.
மதியச் சாப்பாட்டுக்கு இறங்கும்போது தூறினால்
குடையைத் தேடும் முன்
செம்பவாங்கில் எப்படியோ என்று நினைக்கிறேன்.
கைப்பேசியில் மழை வரைபடம் இருக்கிறது,
பச்சை, மஞ்சள், சிவப்பு என்று திட்டுத் திட்டாக.
எங்கே பெய்கிறது என்பதை அது சரியாகச் சொல்லும்.
கண்ணாடி அழுக்கு என்று ஒருநாளும் சொல்லாது.

அந்தப் பதினோரு பேரும் இப்போது தொடக்கநிலை ஐந்து.
வகுப்பு பிரிந்திருக்கும்.
நூர்நிஷா வேறு பள்ளிக்கு மாறியிருக்கலாம்,
அல்லது எங்கள் கடிதம் கண்டு சலித்திருக்கலாம்.
பதினான்காம் கேள்வியை எடுத்துவிடலாமா என்று
கேட்டுப் பார்த்தேன், முடியாதாம்.
பரவாயில்லை, அதே பதிலை எழுதுங்கள்.

கடைசி நாள் அடுத்த வெள்ளி, மாலை ஐந்து.
இப்போது மணி ஏழு.
வடக்குப் பார்த்த சன்னலில் மட்டும் சாரல்.
அங்கே?