அசையாம இருங்க

படிவத்தில் 'வலி எங்கே?' என்று கேட்டிருந்தது.
நாலாவது ஐந்தாவது இடுப்பு எலும்புக்கு நடுவில்,
இடப்பக்கம் சற்றுக் கூடுதல், என்று எழுதினேன்.
அர்லெத் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.
எல்லாரும் 'முதுகு' என்றுதான் எழுதுவார்களாம்.

கடலூர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள் நான்.
பத்தொன்பது வருஷம்
ஈய அங்கியை மாட்டிக் கழற்றி மாட்டி
வந்த வலி அது.
மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறினேன்.
கன்னியக்கோயிலில் பாதி பஸ் இறங்கியது, பாட்டில் வாங்க.
மீதிப் பாதியோடு நான் வந்து சேர்ந்தது
முத்தியால்பேட்டை, மருந்துக்கடைக்கு மேல்மாடி.

'குதிக்க வேண்டாம், ஓட வேண்டாம்,
மூட்டு நோகாது' என்று போனில் சொல்லியிருந்தாள்.
குதிக்காத ஒன்று என்ன செய்துவிடும் என்று
சாம்பார் சாதம் இரண்டு கரண்டி
கூடுதலாகவே சாப்பிட்டிருந்தேன்.

கட்டில் மாதிரி ஒன்று. ஆனால் நகர்கிறது.
அடியில் ஸ்பிரிங்குகள்: சிவப்பு, நீலம், மஞ்சள்.
உங்களுக்கு மஞ்சள் ஒன்று போதும், என்றாள்.
லேசானதைத் தந்தாளே என்று நிம்மதியாகப் படுத்தேன்.
முடிக் கிளிப் மண்டையில் குத்தியது, கழற்றினேன்.
காலை வைத்துத் தள்ளியதும் புரிந்தது:
கனத்த ஸ்பிரிங் நம்மைத் தாங்குமாம்.
லேசானது
உன்னை நீயே தாங்கு என்று விட்டுவிடுமாம்.

'மூச்சை இழுங்க.'
தினம் நூறு பேரிடம் நான் சொல்கிற அதே வார்த்தை.
இழுத்தேன்.
அடுத்து 'அடக்குங்க' வரும் என்று காத்துக் கிடந்தேன்.
வரவில்லை.
'விடுங்க. விட்டுக்கிட்டே தூக்குங்க.'
இது எனக்குத் தெரியாத பாடம்.
என் அறையில் மூச்சை விட்டால் வேலை முடிந்தது,
எழுந்து சட்டையைப் போட்டுக்கொள்ளலாம்.

இடுப்பைத் தூக்கியதும்
தாலிச் சங்கிலி சரிந்து மோவாயில் வந்து விழுந்தது.
யோசிக்காமல் பல்லில் கடித்துக்கொண்டேன்.
என் மேசையில் படுக்கிற பெண்கள் செய்வது அதைத்தான்.
கழற்றச் சொன்னால் கழற்ற மாட்டார்கள்.
'சீக்கிரம்மா' என்று எத்தனை பேரிடம்
சிடுசிடுத்திருக்கிறேன்.

'ஒவ்வொரு எலும்பா கீழ இறக்குங்க.'
இருபத்து நாலுக்கும் பேர் சொல்வேன்.
தேய்ந்ததை, நழுவியதை, கொக்கி முளைத்ததை
வெளிச்சப் பெட்டியில் தூரத்திலிருந்தே சொல்வேன்.
எல்லாம் அடுத்தவர் எலும்புகள்.
என்னுடையவை மேலிருந்து எட்டு ஒன்பது
ஒழுங்காக இறங்கின.
பிறகு மிச்சமெல்லாம் ஒரே மூட்டையாகத் தொப்பென்று.
'மறுபடி' என்றாள் அர்லெத்,
கோபமே இல்லாமல்.

பக்கத்துக் கட்டிலில் மிசியே தெவராசு,
பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர்.
எழுபத்தொன்று வயசு, வலது இடுப்புக்குள்
உலோகம் இருக்கிறது, மடக்குவதிலேயே தெரிகிறது.
அவர் பாட்டுக்கு வழுக்கிப் போய் வந்துகொண்டிருந்தார்,
படகில் போகிறவர் மாதிரி.

எனக்குத் தொடை ஆடத் தொடங்கியது.
முதலில் கட்டில்தான் ஆடுகிறது என்று நினைத்தேன்.
நிறுத்தப் பார்த்தேன், இன்னும் ஆடியது.
முழங்கால், அடிவயிறு, கடித்த பல் வரை.
இந்த நேரம் யாராவது என்னைப் படம் பிடித்திருந்தால்
வெறும் புகைமூட்டம்தான் விழுந்திருக்கும்.
'ஆடட்டும் விடுங்க' என்றாள்.
இன்னும் எட்டு, என்றாள்.
அவளுடைய எட்டு பதினாலு வரை போனது.

இறங்கும்போது படிக்கட்டு
எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.
பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார், உடம்பு சரியில்லையா?
நல்லா இருக்கு, என்றேன்.
வலி போயிற்றா என்றால், இல்லை.
ஞாயிறன்று தும்ம முடியவில்லை.

திங்கட்கிழமை முதல் ஆள்
தேவனாம்பட்டினத்து மீன்காரம்மா, சூசானா.
மேசையில் குளிர், கால் வெடவெடவென்று ஆடுகிறது.
கண்ணாடிக்குப் பின்னால் விரல் பொத்தானில்.
அசையாம இருங்க, என்று வாய் வரை வந்தது.
சங்கிலி அவள் பல்லில்.
'ஆடட்டும்மா. நின்னதும் எடுக்கறேன்.'

வெளியே இரண்டாம் டோக்கன்காரர்
கதவை உடைக்கிறார்.