வேலைச் சீட்டு: ஆஷ் ஒன்று, பின்தோட்டம்

சீட்டில் எழுதியிருந்தது இவ்வளவுதான்:
ஆஷ் ஒன்று. அறுபது அடி. பின்தோட்டம்.
அடியில் கண்ணாடிக் கூடம், அதற்குள் தக்காளி.
'வெட்டிவிடவும்' என்பதன் கீழே
இரண்டு கோடு.

லாண்டைலோ தாண்டி மேட்டில்
வேனை நிறுத்தும்போது மணி ஏழே முக்கால்.
ஆகஸ்ட். முகத்தில் ஏதோ நனைக்கிறது,
வேல்ஸில் அதை யாரும் மழைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மாக்சன் கயிற்றுப் பைகளை இறக்குகிறான்.
நான் மரச்சுத்தியோடு மரத்தைச் சுற்றி வருகிறேன்.
தட்டு. நகர். தட்டு.
டங்
டங்
டங்
தெற்குப் பக்கம், முழங்கால் உயரத்தில்
டொப்.

மாறியது ஒரு சத்தம்தான்.
என் முதுகெலும்பு முழுக்க அதற்குள் இருக்கிறது.

அண்ணாந்து பார்த்தால்
இலை இருக்க வேண்டிய இடமெல்லாம் வானம்.
இந்த நோய் மரத்தைச் சாய்ப்பதில்லை,
நிற்கவைத்தே பிஸ்கட்டாக மாற்றுகிறது.
கிளை தொடையளவு பருமனாக இருக்கும்,
நம்பிக் கயிறு போட்டால்
சொல்லாமல் கொள்ளாமல் வரும்.
போன மார்ச்சில் கெரெய்ன்டுக்கு அப்படித்தான்.
இடுப்பெலும்பு.
இப்போது அவன் ஆபீசில் உட்கார்ந்து போன் எடுக்கிறான்,
குரலில் பழைய கேலி இல்லை.

'ஏற மாட்டேன்' என்றேன்.
தேநீரோடு வந்த ஹாவர்டுக்கு
கோப்பை கைமாறும் முன்பே முகம் மாறியது.

தூக்குமேடை வேண்டும், ஒரு நாள் வாடகை
நானூற்று எண்பது பவுண்டு.
வாசல் கதவை அளந்தேன்: எண்பத்து நாலு சென்டிமீட்டர்.
இருப்பதிலேயே ஒல்லியான மேடைக்கும் இன்னும் ஆறு வேண்டும்.
பக்கத்து வயல் வழியாகக் கொண்டுவரலாம்.
அது ப்ரோபர்ட் அம்மாளின் வயல்.
அவரோடு ஹாவர்ட் பேசிப் பதினோரு வருடம்.
'அதற்கு இந்த மரம் என் தலையில் விழட்டும்.'

மாக்சன் என் காதருகே:
'வௌவால் இருக்குன்னு சொல்லிடு.
சட்டம் பேசினா யாரும் வாய் திறக்க மாட்டாங்க.'
முதல் கவையில் ஒரு பொந்து இருக்கத்தான் செய்கிறது.
கம்பில் கேமராவைக் கட்டி விட்டுப் பார்த்தோம்.
போன வருடத்து இலை, கொஞ்சம் தண்ணீர்,
யாரோ அடித்துத் தொலைத்த டென்னிஸ் பந்து.
இல்லாத வௌவாலை
நான் எங்கே கொண்டுபோய்த் தொங்கவிடுவேன்?

'ப்ரின் பாதி விலைக்கு ஏறுவதாகச் சொன்னான்' என்றார் ஹாவர்ட்.

கூப்பிட்டுக்கொள்ளுங்கள்,
என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
சரியான பதில். ஆனால்
நான் வேண்டாம் என்று இறங்கினால்
மரம் காலியாக நிற்காது,
அதில் ப்ரின் இருப்பான்.
வேன் தவணை இரண்டு மாதம் பாக்கி.
வாரின் தையல் பிரிந்திருப்பதை
போன வாரம் பெட்ரோல் பங்கில் நானே பார்த்தேன்.
பார்த்தும் சொல்லவில்லை,
போட்டிக்காரனுக்கு எதற்கு என்று.

வேனுக்குள் உட்கார்ந்து போன் போட்டேன்.
பின்னணியில் குழந்தை, டிவி, டோஸ்டர்.
'ஹாவர்ட் வீட்டு ஆஷ். தட்டிப் பார்த்தேன்.
தெற்குப் பக்கம் செத்துப்போயிருக்கு.'
வெகுநேரம் டிவி மட்டும்.
'எந்த உயரத்துல?'
'முழங்கால்.'
'ஆழம்?'
'துளைபோட்டுப் பார்க்கல.'
'அப்ப உனக்குத் தெரியாது' என்றான்,
கோபமில்லாமல்.
பிறகு,
'நீ எவ்வளவு கேட்ட, எலுனெட்?'

சொன்னேன்.
அவன் சிரித்தான் என்று நினைக்கிறேன்.
லைன் போய்விட்டது, அல்லது வைத்துவிட்டான்.

மாக்சன் பைகளைத் திரும்ப ஏற்றுகிறான்.
பிரிக்கவே பிரிக்காத கயிறுகள்,
ஆனாலும் நனைந்துவிட்டன,
சாயங்காலம் காயப்போட வேண்டும்.
ஹாவர்ட் வேலியோரம் நிற்கிறார்.
வயலின் அந்தப் பக்கம்
ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கும் ஒரு பச்சைக் கோட்டைப் பார்த்தபடி,
கோப்பை இன்னும் கையில்.