எடைச்சீட்டு

வழிகாட்டி யாருமில்லை.
யோகமலரின் எண்பது பக்க நோட்டில்
சிவப்பு மையில் கடற்கரை.
கையுறைத் தொழிற்சாலையில் இருபது வருடம்
கிழிசல் பார்த்தவள்; கோடு பிசிறாது.
ஒரு பக்கம் திமிங்கலம், மறுபக்கம் கரடி,
நடுவில் எண்ணெய் போடும் இடங்கள்.

"மூணு நாள் லீவு எடுங்க அண்ணி" என்றாள்.
அவள் அண்ணன் என்னை விட்டுப் போய் ஒன்பது வருடம்.
அவள் போகவில்லை.
அண்ணி என்ற சொல்லையும்
திருப்பிக் கேட்கவில்லை.

சுங்காயிலிருந்து விடியுமுன் கிளம்பினோம்.
என் காருக்குக் கஞ்சில் என்று பேர்;
மலாயில் சருகுமான்.
சருகுமான் மேலேறித்
திமிங்கலம் பார்க்கப் போன இரண்டு பெண்கள்.
செம்பனைக்குள், செம்பனைக்குள், இன்னும் செம்பனைக்குள் போய்
தெலுக் இந்தானில் திடீரென்று வானம் கிடைத்தது.

நான் ஆலையில் எடைப்பாலத்துக்காரி.
எதைக் கண்டாலும் மனசு கேட்கும்:
லோரியோடு எவ்வளவு, லோரி இல்லாமல் எவ்வளவு.
"திமிங்கலம் எத்தனை டன் வரும்?"
நோட்டைப் புரட்டினாள். "முப்பது."
மூன்று லோரி குலை.
மழைநாள் குலை என்றால் இரண்டரை போதும்.

பாகான் டத்தோ படகுத்துறையில்
லிம் கோக் வா நூற்றிருபது வெள்ளி கேட்டார்.
யோகமலர் எண்பதுக்கு இறக்கினாள்.
பால் குறைந்த தேநீர் நிறத்தில் கடல்.
ஒரு மணி நேரம் போய் இயந்திரத்தை அணைத்தார்.
"இங்கேதான்" என்றார்.
"எப்போ?"
"என் மகன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருசம்."
மகனுக்கு இப்போது மகன்.

அந்த 'இங்கே'யைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
தண்ணீரில் அது ஓரிடத்தில் நிற்கவில்லை.
வெயில் ஏறியது. பிஸ்கட் தீர்ந்தது.
கருப்பாக ஒரு முதுகு எழுந்தது.
"அண்ணி!" என் மணிக்கட்டை நெரித்தாள்.
லோரி டயர்.
அதன்மேல் வாடகை கொடுக்காத கொக்கு.
வயிறு வலிக்கச் சிரித்தோம்.

லிம் மட்டும் சிரிக்கவில்லை.
தொப்பியைக் கழற்றினார்.
மூச்சு இப்படித்தான் வந்தது என்று
வாயைக் குவித்து ஒரு முறை ஊதிக் காட்டினார்,
நீளமாக,
தன் நெஞ்சில் இருந்ததெல்லாம் தீரும்வரை.
எண்பது வெள்ளிக்கு அதுதான்.
இறங்கும்போது யோகமலர் நூற்றிருபதாகக் கொடுத்தாள்.

மறுநாள் லூமுட் தாண்டி ஒரு காட்டோரம்.
ஒரு மரத்தில் ஐந்து கீறல்,
பிசின் காய்ந்து கல்லாகியிருந்தது.
யோகமலர் தன் விரல்களை அதில் பதித்துப் பார்த்தாள்.
"பழைய கிழிசல்" என்றாள்,
தொழிற்சாலைக் குரலில்.
அட்டைகள் மட்டும் எங்களை விருந்தாளியாக மதித்தன.

மூன்றாம் நாள் விடிகாலை,
வீட்டுக்குப் போகாமல் நேரே ஆலைக்கு.
காவலுக்கு இருந்த தில்பகதூர் ஓடி வந்தான்.
"அக்கா, நேற்று ராத்திரி!
குலை மேட்டிலிருந்து இறங்கி
உங்க பாலத்து மேலே நடந்து போச்சு.
நெஞ்சில் மஞ்சளாய்ப் பிறை."
"போட்டோ எடுத்தியா?"
"ஒரு கையில் டார்ச், அக்கா.
மறுகை அந்தக் கையைப் பிடிச்சிருந்தது."

கணினியைத் திறந்தேன்.
இரண்டு பதினான்கு. வண்டி எண் இல்லை.
அறுபது கிலோ.
இருபது இருபதாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
நாய்களாக இருக்கலாம்.
ஓடிய தில்பகதூராகவும் இருக்கலாம்.
ஆனாலும் அச்சடித்தேன்.

"லோரி இல்லாமலா?" என்றாள் யோகமலர்.
"லோரி இல்லாமல்."

கரடிப் பக்கத்தில் சீட்டை ஒட்டினாள்.
திமிங்கலப் பக்கத்தில் ஒட்ட எதுவுமில்லை.
கொஞ்சம் யோசித்து, வாயைக் குவித்து,
வெற்றுத்தாள் மேல் ஊதினாள்.
தாள் ஓரம் எழுந்து படிந்தது.

வெளியே முதல் லோரி ஹார்ன் அடித்தது.
பதினாலாயிரத்து இருநூற்று அறுபது.
லோரியோடு.