பத்து விரலிலும் மை

ஓட்டுச்சாவடியில் அந்த அம்மா
என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
பத்து விரலிலும் கறுப்பு.
"எத்தனை ஓட்டும்மா போட்ட?"
வரிசையே சிரித்தது.
அவர் மேசையிலிருந்த புட்டியிலும்
என் பட்டறைச் சட்டியிலும்
ஒரே வெள்ளி உப்புதான் என்பதை
அந்த வெயிலில் எப்படி விளக்க?

காசிமேட்டில் ஒரு ஐஸ் பேக்டரி.
முன்பக்கம் ஐஸ் உடைக்கிறார்கள்.
பின்பக்கக் குளிர் அறை
எனக்கும் கஜபதிக்கும், மாதம் பதினோராயிரம்.
ஜன்னல் இல்லையே என்று
ஓனர் ஆயிரம் குறைத்துக்கொண்டார்.
ஜன்னல் இருந்தால் வந்தே இருக்க மாட்டோம்.

எலும்பு ஜெலட்டினைக் கரைத்து
வெள்ளியைச் சொட்டுச் சொட்டாய் விட்டு
நாற்பதடி பாலியெஸ்டர் மேல்
கத்தி பிடித்து இழுக்கிறோம்.
கும்மிருட்டில் கஜபதி நிற்குமிடம்
அவன் மூக்குறிஞ்சலில் தெரியும்.
வெளியே கன்டெய்னர் லாரி போனால்
தரை அதிரும், பூச்சில் அலை விழும்.
துறைமுக வரிசையில் லாரிகள்
விடிய விடிய அசையாமல் கிடக்கும் இரவே
எங்களுக்கு உற்பத்தி இரவு.
ஊரே திட்டும் நெரிசலை
நாங்கள் இரண்டு பேர் மட்டும் வேண்டிக்கொள்வோம்.

முதல் நூறு ரோலில் முப்பத்தேழு விற்றது.
ஐஸ் பைப் மூட்டில் அம்மோனியா கசிந்து
ஓரம் முழுக்கச் சாம்பல் படலம்.
திருப்பி அனுப்புவார்கள் என்று காத்திருந்தேன்.
பெங்களூரிலிருந்து போன்:
"அந்தப் புகை அருமை மேடம்,
வடசென்னையே அதுல தெரியுது.
அடுத்த தடவையும் அப்படியே வேணும்.
ஐம்பது ரோல்."

ஐம்பது.
வாடகை, வெள்ளி, கஜபதியின் கடன்,
மனசு தானாகக் கழித்துப் பார்த்தது.
பிறகு என் வாய் சொன்னது:
"புகை எங்க ஊர்ல இலவசம் சார்.
படத்துக்குத்தான் காசு."
வைத்துவிட்டார்.
கஜபதி இரண்டு நாள் பேசவில்லை.

மூட்டை மாற்ற நாலாயிரத்து இருநூறு.
புதுச் சரக்கைச் சோதிக்க
இறால் ஏலம் விடும் நாகரத்தினத்தை நிறுத்தினேன்.
"எங்க, காட்டு."
"நாளைக்குத்தான் தெரியும்."
"நாளைக்கா?"
தராசைப் பார்த்தார்.
"நாளைக்கு இறால் என்ன வெலைன்னே
எனக்குத் தெரியாது, நீ வேற."

வேகம் குறைந்த பிலிம். வெயில் போதும்.
அசையாதீங்க என்றேன்.
அசையவில்லை.
அவருக்குப் பின்னால்
ஒரு லாரி நகர்ந்தது.