ஐந்தரை மணி, மூன்று தடவை

ஐந்தரை மணி அலாரத்தை அணைத்து
பல் விளக்கி, வரக்காப்பி குடித்து
மங்கலம் ரோட்டு முக்கில் கம்பெனி வேன் ஏறி
பாலம் தாண்டும்போது
ஐந்தரை மணி அலாரம்.

அணைத்தேன். பல் விளக்கினேன்.
பின்னலை முடித்து
ரப்பர் பேண்டைத் தேடும்போது
மறுபடியும்.

ஒண்ணரை ஷிப்டு பார்த்த உடம்பு
ஒரே விடியலில் மூன்று தடவை வேலைக்குக் கிளம்பியது.
சனிக்கிழமைக் கவரில்
ஒரு தடவைக்குத்தான் காசு இருந்தது.

அயர்ன் பண்ணும் சென்னியப்பன்
டீ டம்ளரைப் படியில் வைத்துவிட்டுச் சொன்னான்:
"மூக்கப் பொத்தி மூச்ச இழுத்துப் பாருங்க்கா.
அடச்சா நெசம்.
பொத்தியும் மூச்சு வந்துட்டா, கனவுங்க்கா."
அவனுக்கும் அதே வியாதி.
அவன் நாலு தடவை எழுந்திருக்கிறான்.

என் வேலையே செக்கிங்.
எட்டு வருஷமாய் ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை,
தோள்பட்டையில் விட்டுப்போன ஒற்றைத் தையல்.
துணியில் ஓட்டை கண்டவளுக்கு
விடியலில் ஓட்டை தெரியவில்லை.

விரலை எண்ணினேன். ஆறு.
ஓவர்லாக் மயிலாத்தாளுக்கும் ஆறுதானே என்று
செருப்பை மாட்டினேன்.

லேபிளை இரண்டு தடவை வாசித்தேன்.
முதலில் எக்ஸ்எல்.
திரும்பிப் பார்த்தால் என் ரேஷன் கார்டு நம்பர்.
பையர் மாற்றிவிட்டான் போல என்று
அடுத்த பீஸை எடுத்தேன்.

கனவு ஒன்றையும் மறைக்கவில்லை.
எல்லாவற்றுக்கும்
நான்தான் சமாதானம் எழுதிக் கொடுத்தேன்.

அப்புறம்தான் அந்த யோசனை.
டேமேஜ் பீஸில் ஒட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை
படுக்கும் முன் இடது மணிக்கட்டில் ஒட்டினேன்,
கட்டைவிரலைப் பார்த்து.
எழும்போது அம்பு அங்கேயே இருந்தால் சரி.
முழங்கையைப் பார்த்தாலோ
இல்லாமலே போனாலோ
மூக்கைப் பொத்து.

பகலிலும் பொத்திப் பழக வேண்டுமாம்.
வேனில் பொத்தினேன், கேண்டீன் வரிசையில் பொத்தினேன்.
சளியா என்றார் சூப்பர்வைசர்.
ஆமாங்க என்றேன்.

ஆடி முடிந்த புதன்கிழமை.
பாலத்துக்குக் கீழே நொய்யல்
நுரையில்லாமல், எந்த நிறமும் இல்லாமல் போனது.
சிரித்துக்கொண்டேன்: மாட்டிக்கொண்டாயா!
கம்பெனிக்குள் போனால்
நூற்றிருபது மெஷினும் மூச்சுக்காட்டவில்லை.
வெயில் விழுந்த இடத்தில்
ஒரு பஞ்சு கூடப் பறக்கவில்லை.
திருப்பூரில் இவ்வளவு அமைதி
கனவில்லாமல் வேறென்ன?

மூக்கைப் பொத்தினேன்.
அடைத்தது.

விரல் ஐந்து.
லேபிள் எல். திரும்பிப் பார்த்தேன், எல்.
அம்பு கட்டைவிரலைக் காட்டியது.

"ஆர்டர் கேன்சலாயிருச்சுங்க,
வந்தா சொல்லி அனுப்பறோம்," என்றார் மேனேஜர்.
அவர் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை.
கனவு இவ்வளவு சிரத்தை எடுத்துக்கொள்ளாது.

ஆறிப்போன அயர்ன் டேபிள் பக்கத்தில்
சென்னியப்பன்
மூக்கைப் பொத்தியபடி நின்றிருந்தான்.
நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பதினோராம் நாள்
வைக்காத அலாரம் ஐந்தரைக்கு அடித்தது.
வேன் வந்தது.
பாலத்துக்குக் கீழே தண்ணீர் கருநீலம்.
படியேறும்போதே காதில் இரைச்சல்,
நூற்றிருபதும் ஓடுகின்றன.
மயிலாத்தாள் நிமிராமல் கையாட்டினாள்.
எண்ண முடியாத விரல்கள்.

மணிக்கட்டைப் பார்த்தேன்.
வெறும் தோல்.
இருந்தும் மூக்கைப் பொத்தினேன்,
தடையில்லாமல் வந்தது மூச்சு,
மெஷின் எண்ணெயும் புதுத்துணியும் கலந்த வாசத்தோடு.

என் டேபிளில் அறுபது பீஸ், பிரிக்காத பண்டில்.
இதற்குக் கூலி கிடையாது என்று தெரியும்.
ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

முதல் பீஸிலேயே
காலரில் ஒரு தையல் விட்டிருந்தது.
அம்பை ஒட்டி
அடுத்ததை எடுத்தேன்.