நாள் வாடகை

குடியாத்தம் லுங்கித் தறிகளில்
கிலோ நாற்பதுக்கு எடுத்த வெட்டுத்துணி.
பேரணாம்பட்டில், எங்கள் வீட்டில், இதற்குப் பெயர் கோதடி.
வேலூர் காந்தி ரோட்டில் விலை சொல்லும்போது மட்டும்
ஒட்டுப்போர்வை.

ஆயிரத்து எண்ணூறு என்றேன்.
பைக்கை விட்டு இறங்காமலே
"பழைய துணிதானேம்மா" என்றார்.
முந்நூறு ரூபாய்க்குப் புலி படம் போட்டது
பஸ் ஸ்டாண்டு எதிரில் கிடைக்கிறதாம்.
கிடைக்கிறது.
எங்கள் வீட்டில் போர்த்திக்கொள்வதும்
அந்தப் புலியைத்தான்.

துணி நூறு, நூல் நூற்றிருபது,
பஸ்ஸுக்கு அறுபது,
பத்தொன்பது நாளுக்கு, நாள் எண்பது.
கூட்டினால் சரியாக ஆயிரத்து எண்ணூறு.
லாபம் எழுதக் கோடு போட்டேன்,
கோடு மட்டும் இருக்கிறது.
ஆம்பூரில் ஷூ தைக்கிற அக்கா மகள் ருக்சானாவுக்கு
நாள் நானூறு, பி.எஃப். வேறு.

மிதாலி மால்டாக்காரி.
புருஷனுக்குக் கிட்னி.
மற்றவர்களைப் போல விரித்துப் பார்க்கவில்லை,
திருப்பிப் பார்த்தாள்.
முடிச்சுகளை ஒளித்துவைத்த இடங்களை
நகத்தால் தேடினாள்.
"இருபது நாளா?" இந்தியில் கேட்டாள்.
பத்தொன்பது என்றேன், என் உருதுவில்.
விலையைச் சொன்னதும்
"கம்மி" என்றாள்.
மடித்து, ஓரம் சரிபார்த்து, திரும்ப வைத்துவிட்டாள்.
நாளைக்கு டயாலிசிஸ் பணம் கட்ட வேண்டும்.

ஆயிரத்து ஐந்நூறு என்று சொல்ல வாய் வந்தது.
பைக்கில் வருகிறவரிடமும்
இதே வாய்தானே பேச வேண்டும்?

பக்கத்துக் கடையில் ஸ்டவ், குக்கர், தோசைக்கல் எல்லாம்
லாட்ஜ்காரர்களுக்கு நாள் வாடகைக்குப் போகின்றன.
"ஒரு நாளுக்கு இருபது ரூபா"
என்று நானா சொன்னேன்?

நாற்பத்தாறு நாள்.
தொள்ளாயிரத்து இருபதை இரண்டு தரம் எண்ணி,
துவைத்த போர்வையின் மேல் வைத்துக் கொடுத்தாள்.
காட்பாடிக்கு ஆட்டோ ஏற்றிவிட்டு வந்துதான்
பிரித்தேன்.

ஓரம் விட்டுப்போயிருந்த மூலையில்
நான் வாங்காத சிவப்பு நூல்.
ஒரு சாணுக்குச் சின்னச் சின்ன ஓட்டுத்தையல்.
மீன் போலிருந்தது. இல்லை, இலை.
திருப்பினேன்.
இந்தப் பக்கமும் அதே மீன்.

நேற்று அதே பைக், அதே ஆள்.
ரெண்டாயிரத்து நூறு என்றேன்.
"போன தடவை ஆயிரத்து எண்ணூறுன்னே?"
"ஆமா சார், அப்ப
ஒரு ஆள் வேலைதான் இருந்துச்சு."

புலி இருக்கும் திசைக்கு
வண்டியைத் திருப்பினார்.