இடது காது

வெள்ளகோவிலில் இருந்து வீடு சேர்ந்தபோது மணி ஒன்றரை.
பட்டுச்சேலையை மடிக்கவில்லை.
கதவின்மேல் போட்டுவிட்டுப் படுத்தேன்.
காலையில் அது என்னைவிடத் தெளிவாக
நின்றுகொண்டிருந்தது.

சனிக்கிழமை பெருமாநல்லூரில் நிச்சயம்.
அன்றிரவே காங்கயத்தில் கிடாவிருந்து.
ஞாயிறு, நாத்தனார் பேத்திக்குக் காதுகுத்து.
ஐந்து பந்தி ஒறம்பரை.
மொய் எழுதப் பேனா தீர்ந்து
கண்மைப் பென்சிலில் ஏறிய நாற்பது பேர்
இந்நேரம் நோட்டில் கலங்கியிருப்பார்கள்.

ஜமாப் ஆறு பேர்.
ஊசி இறங்கியபோது குழந்தை கத்தியது
எங்களுக்கு வாயசைவாகத்தான் தெரிந்தது.
என் வீட்டுக்காரர் பூபதி
நூறு நூறாக நீட்டி
இன்னொருக்கா அடிங்கப்பா, இன்னொருக்கா, என்றார்.
அவருக்குப் பாட்டு என்றால்
நெஞ்சுக்கூட்டில் வந்து மோத வேணும்.
காதுல மட்டும் கேக்கறதெல்லாம் ஒரு பாட்டுங்களா?

மகன் கவினுக்குக் கொரியாக்காரப் பையன்கள் ஏழு பேர் போதும்.
ஒரு சொல் புரியாமல்
கண் கலங்குகிறான்.
நாத்தனாருக்கு அம்மன் பாட்டு,
அதுவும் குக்கர் விசிலுக்கு மேலே.

எனக்கு என்ன பிடிக்கும் என்று
யாரும் கேட்டதில்லை.
கேட்டால் சொல்லக் கூச்சமாகவும் இருக்கும்.
பாடுகிறவர் மூச்சு வாங்கப் போகும் இடம்.
பல்லவி முடிந்து சரணம் வருமுன்
அரை நிமிசம்,
வயலின்கள் மட்டும் கூட்டமாக எழுந்து
எங்கேயோ போய்வரும் பாருங்கள், அது.
வார்த்தை வந்ததும்
நான் நூல்கண்டு மாற்றப் போய்விடுவேன்.

ஒன்பது நாளுக்கு ஒருமுறை வரும் தண்ணீர்
சரியாக இன்று வந்தது.
பதினேழு குடம், இரண்டு டிரம்,
நேற்றைய எண்ணெய்ச் சட்டி,
நேற்றைய சாம்பார் வாளி.
எட்டேகாலுக்குக் கம்பெனி வண்டி.
என் இயர்போனைக் காணோம்.
மண்டபத்தில் விழுந்திருக்கும்.
கவின் தூங்கிக்கொண்டிருந்தான், அவனுடையதை எடுத்துக்கொண்டேன்.

என்னுடையதில் வலது பக்கம் செத்து மூன்று வருசம்.
சூப்பர்வைசருக்கும் அது தோதுதான்.
கூப்பிட்டால் கேட்க
ஒரு காது மிச்சம் இருக்கும்.

இன்று இரண்டையும் மாட்டினேன்.
மனப்பாடமான பாட்டு.
கையில் குழந்தைப் பனியன், கழுத்துப்பட்டி.
அந்த இடம் வந்தது.
இடப்பக்கம் என் வயலின்கள் எழுந்தன,
வலப்பக்கம்
ஒரு புல்லாங்குழல்.

மூன்று வருசமாக அவை
யாரையோ கேட்டுக்கொண்டிருந்திருக்கின்றன.
யாரோ பதில் சொல்லிக்கொண்டும் இருந்திருக்கிறார்கள்.
எனக்குக் கோபம் வந்தது.
நம் வீட்டில் நமக்குத் தெரியாமல்
ஒருவர் குடியிருந்த மாதிரி.
பட்டி திரும்பிப்போய்
நான்கு பீஸ் ஆல்டருக்குப் போயிற்று.

பக்கத்து மெசின் ஒடிசாக்காரி பாசந்தி
அக்கா, ஊசி? என்று என் விரலைப் பார்த்தாள்.
ஊசி இல்லை சாமி, என்று
வலது காதை அவளுக்குக் கொடுத்தேன்.
குழல் வரும் இடத்தில் முகத்தைப் பார்த்தேன்.
அவள் தலையை ஆட்டி, நல்லா இல்லே, என்று
திருப்பிக் கொடுத்தாள்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பதினொரு மணிக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் பிடிப்பதற்குள்
நாற்பது மெசினும் ஒரே நேரத்தில் நின்றதில்
ஒரு பெரிய அமைதி.
அதைப் பிடிக்கும் என்றும் யாரிடமும் சொன்னதில்லை.

பொழுதோட வீடு.
அரிசியும் பருப்பும் போதும் என்று
பூபதியே சொல்லிவிட்டார், தொண்டை கட்டியிருந்தது.
கவின் இயர்போனைப் பிடுங்கிக்கொண்டு
ரெண்டு காதுலயும் மாட்டுனயா, என்றான்,
செருப்பை மாற்றிப் போட்டதைக் கேட்கிற மாதிரி.

மொய்ப்பையைக் கொட்டினபோது
என்னுடையது விழுந்தது,
சேலைப் பின்னோடு சிக்கி.
இடது காதில் வைத்து அந்த இடம்வரை ஓட்டினேன்.
வயலின்கள் கேட்டன.
பதில் வருமிடம் காலியாக இருந்தது,
இப்போதுதான் அது காலி என்று தெரிகிறது.

புதுசு வாங்கிக்கலாம், இருநூறு ரூபாய்தானே, என்றார்.
பார்க்கலாமுங்க, என்றேன்.
சேலை இன்னும் கதவின்மேலேயே இருந்தது.
நாளைக்கு மடிக்கலாம்.